கொடிப்பெரணியை அடையாளம் காண்பது எப்படி? தென்பர்மாக் காட்டோரங்களுக்கான கேள்வி பதில்

மோல்மீன், முடோன், தட்டோன் பக்கத்து ரப்பர் தோட்டங்கள், பாக்குத் தோப்புகள், பெகு யோமா அடிவாரத்து மூங்கில் காடுகள், தவாய் வரைக்கும் நீளும் கடலோர மலைகள் என்று எங்கே போனாலும் வேலியையும் மூங்கிலையும் சுற்றிக்கொண்டு ஒரு பெரணி ஏறி நிற்கும். அது லைகோடியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. இந்தப் பக்கத்தில் கொடிப்பெரணி என்று சொல்வது அதைத்தான். இங்கே அதிகம் தென்படுவது லைகோடியம் ஃப்ளெக்சுவோசம். அதைப் பற்றியும், அதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மற்றவற்றைப் பற்றியும் அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

மரத்தில் ஏறியிருக்கும் பெரணி எல்லாமே கொடிப்பெரணிதானா?

இல்லை. ஏறும் விதத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நம் காடுகளில் நான்கு விதம் உண்டு.

மெல்லிய கம்பி போன்ற ஒன்று குச்சியைச் சுற்றிச் சுற்றி ஏறியிருந்தால் அது லைகோடியம். பச்சையான தடித்த தண்டு ஒன்று மரப்பட்டையோடு ஒட்டி, வேர் பிடித்து நேராக ஏறியிருந்தால் அது ஸ்டெனோக்லீனா. சுற்றவும் ஏறவும் செய்யாமல் கிளையில் உட்கார்ந்தபடி, அடியில் பழுப்பான காய்ந்த இலைகளும் மேலே பெரிய பச்சை இலைகளுமாக இருந்தால் அது டிரைனேரியா. கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என்று விற்கிறார்களே, அதே பேரினம்தான். நான்காவது டிக்ரனோப்டெரிஸ். வெட்டவெளிச் சரிவுகளில் இரண்டிரண்டாகக் கவைத்துக் கவைத்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து புதராக உயரும். அது எதையும் சுற்றிப் பிடிப்பதில்லை.

சுற்றி ஏறுவது தண்டா, இலையா?

இலை. கொடிப்பெரணியைப் பற்றி முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். இது புரியாவிட்டால் பின்னால் வரும் எந்த அடையாளமும் பிடிபடாது.

உண்மையான தண்டு மண்ணுக்கடியில் இருக்கும் மட்டத்தண்டு. விரற்கடைப் பருமன்கூட இருக்காது. கரும்பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். அதிலிருந்து மேலே வரும் ஒவ்வொரு கம்பியும் ஒரு தனி இலையின் நடுக்காம்பு. மற்றப் பெரணிகளின் இலை ஓரளவு வளர்ந்ததும் நுனி முடிந்துவிடும். லைகோடியத்தின் இலைநுனி முடிவதில்லை. பற்றுக்கோல் இருக்கும்வரை வளர்ந்துகொண்டே போகும். ஃப்ளெக்சுவோசம் 5 மீட்டருக்கு மேல் சாதாரணமாகப் போகும். லைகோடியம் மைக்ரோஃபில்லம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 30 மீட்டர் வரை ஏறியிருக்கிறது. அந்த 30 மீட்டரும் ஒரே இலை.

நேரில் சோதிக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே போங்கள். வழியில் எங்கும் வேர் இருக்காது. மண்ணுக்குள் நுழையும் இடத்தில் கையால் இரண்டு அங்குலம் தோண்டினால் மயிர் அடர்ந்த மட்டத்தண்டு தென்படும். அதே மட்டத்தண்டிலிருந்து அடுத்தடுத்துப் பல கம்பிகள் கிளம்புவதையும் பார்க்கலாம். மேல்நுனியில் இளசாக இருக்கும் பகுதி பெரணிகளுக்கே உரிய முறையில் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும்.

கம்பியின் நுனி வெறுமனே வளைந்து மாட்டிக்கொள்வதில்லை. காற்றில் மெதுவாக வட்டமடித்துத் தேடுகிறது. சார்லஸ் டார்வின் 1865இல் வெளியிட்ட ஏறுகொடிகள் பற்றிய ஆய்வில் லைகோடியத்தையும் அளந்து பார்த்திருக்கிறார். அவர் பார்த்த ஓர் இனம் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 6 மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஓர் இலை இப்படி நடந்துகொள்வது செடிகளில் மிக அரிது.

பூக்கும் கொடிகளோடு குழம்பாமல் இருப்பது எப்படி?

இளநுனி சுருண்டிருக்கிறதா, இலை நரம்பு வலையாகப் பின்னாமல் கவைத்துக் கவைத்து விளிம்புக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பெரணி. வெளிச்சத்துக்கு எதிராக இலையைப் பிடித்தால் நரம்பு தெளிவாகத் தெரியும். பூ, காய், பற்றுக்கம்பி, முள் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அது பெரணி இல்லை. வேலியோரங்களில் மண்டும் மிக்கானியா கொடிக்கு இதய வடிவ இலைகள் எதிரெதிராக இருக்கும். குன்றிமணிக் கொடிக்குக் கூட்டிலைதான், ஆனால் சிற்றிலைகள் விளிம்பு வெட்டுப்படாமல் சிறிதாக வரிசையாக இருக்கும், வளர்ந்த கொடியில் நெற்றும் தொங்கும்.

பார்க்கப் போகும்போது என்ன வேண்டும்? எந்தக் காலம் நல்லது?

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் குறியுள்ள ஒரு சிறிய அளவுகோல், ஒரு வெள்ளைத்தாள், பென்சில். மைப்பேனா எழுத்து மழையில் கரைந்துவிடும். லென்ஸ் இல்லாமல் பேரினம் வரை சொல்லலாம், இனத்தை உறுதி செய்வது கடினம்.

மோல்மீன் பக்கம் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி வைகாசியிலிருந்து ஐப்பசிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மழையின் தொடக்கத்தில் தழை தாராளமாக இருக்கும், ஆனால் ஸ்போர் (பெரணி விதைக்குப் பதிலாக உதிர்க்கும் நுண்தூள்) தாங்கும் இலைகள் குறைவு. மழை ஓயும் காலத்திலும் அதையடுத்த பனிக்காலத்திலும் போனால் இரண்டு வகை இலைகளும் ஒரே செடியில் கிடைக்கும். மாசி, பங்குனியில் இலையுதிர் காடுகளில் ஃப்ளெக்சுவோசத்தின் மேல்பகுதி காய்ந்து பழுப்பாகத் தொங்கும். செடி சாகவில்லை, மட்டத்தண்டு உயிரோடு இருக்கிறது.

மூங்கில் புதருக்குள் கையை விடும் முன் ஒரு கழியால் தட்டிப் பாருங்கள். பச்சை விரியன் அங்கேதான் படுத்திருக்கும்.

எதை முதலில் பார்க்க வேண்டும்?

பலர் முதலில் இலையின் வடிவத்தைப் பார்க்கிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது. கொடிப்பெரணியின் இலை வடிவம் வயதுக்கும் நிழலுக்கும் ஏற்ப நிறைய மாறும். மாறாதவை மூன்று: நடுக்காம்பிலிருந்து இறகுகள் (சிற்றிலைகளைத் தாங்கும் பக்கப் பிரிவுகள்) கிளம்பும் இடம், சிற்றிலை காம்போடு சேரும் இடம், இலையின் விளிம்பு. இந்த வரிசையிலேயே பாருங்கள். மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் வடிவமும் அளவும்.

இறகுகள் கிளம்பும் இடத்தில் என்ன இருக்கிறது?

நடுக்காம்பில் சில அங்குலத்துக்கு ஒன்றாக, மாறிமாறிக் குட்டையான பக்கக்கிளைகள் இருக்கும். 2 முதல் 5 மில்லிமீட்டர்தான் நீளம். அவசரமாகப் பார்த்தால் இரண்டு இறகுகள் நேரடியாக நடுக்காம்பிலிருந்தே சோடியாக வருவதுபோலத் தோன்றும். லென்ஸ் வைத்தால் குட்டைக் கிளையும், அதன் நுனியில் இரண்டு இறகுகளுக்கு நடுவே பழுப்பு மயிர் மூடிய ஒரு சிறு மொட்டும் தெரியும். அது உறங்கும் மொட்டு.

இந்தச் சோடி இறகும் நடுவிலுள்ள மொட்டும் சேர்ந்திருந்தால் அது லைகோடியம் என்று தயங்காமல் எழுதலாம். இங்குள்ள வேறெந்தச் சுற்றேறும் செடியிலும் இந்த அமைப்பு இல்லை.

மேல்நுனி அறுபட்டால் இந்த மொட்டுகளில் ஒன்று விழித்துப் புதிய நுனியாக வளரும். அப்படி வளர்ந்த கொடியில் ஓரிடத்தில் மட்டும் குட்டைக் கிளை நீண்ட கிளையாக மாறியிருக்கும். அதைப் பார்த்துப் புது இனமென்று எண்ண வேண்டாம். ஆடு கடித்த, கத்தி பட்ட கொடிகளில் இது வழக்கம்.

‘மூட்டு’ என்கிறார்களே, அதை எப்படிச் சோதிப்பது?

இனம் பிரிப்பதில் மிகவும் கைகொடுப்பது இந்தச் சோதனைதான், அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

சில கொடிப்பெரணிகளில் சிற்றிலையின் காம்பு சிற்றிலையைத் தொடும் இடத்தில் சற்றுப் பருத்து, ஒரு மெல்லிய கோடு குறுக்கே ஓடும். அதுதான் மூட்டு. சிற்றிலை முதிர்ந்ததும் அந்தக் கோட்டில் சுத்தமாகக் கழன்று விழுந்துவிடும், காம்பு மட்டும் இறகிலேயே நிற்கும். மற்ற இனங்களில் இந்தக் கோடு இல்லை. காம்பின் பசுமை தடையில்லாமல் சிற்றிலைக்குள் ஓடிவிடும்.

முதலில் லென்ஸ் வைத்துக் காம்பின் மேல்நுனியைப் பாருங்கள். பிறகு, நன்கு முதிர்ந்த ஒரு சிற்றிலையை விரலால் பிடித்து மெதுவாகக் கீழ்நோக்கி இழுங்கள். மூட்டு இருந்தால் ‘டக்’கென்று கழன்று வரும், அடி நேராக வெட்டியதுபோல் இருக்கும். மூட்டு இல்லையென்றால் கிழியும், கூடவே காம்பின் தோல் நார்நாராக உரிந்து வரும். கடைசியாகக் கொடியின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். இலை இல்லாத வெறுங்காம்புகள் வரிசையாக நின்றால் மூட்டுள்ள இனம். இலைகள் காய்ந்து சுருங்கி அப்படியே தொங்கினால் மூட்டில்லாத இனம்.

தவறு வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. இளம் சிற்றிலையில் மூட்டு இருந்தாலும் எளிதில் கழலாது, கிழியவே செய்யும். ஒரே ஒரு சிற்றிலையை இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். கொடியின் நடுப்பகுதியிலிருந்தும் கீழ்ப்பகுதியிலிருந்தும் நாலைந்தாவது சோதியுங்கள்.

லைகோடியம் ஃப்ளெக்சுவோசத்துக்கு எவை உறுதியான அடையாளங்கள்?

செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753லேயே விவரித்த செடி இது, அப்போது அவர் அதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார்.

சிற்றிலைகளில் மூட்டு இல்லை. விளிம்பு முழுவதும் சிறுசிறு பற்கள், கிட்டத்தட்ட ஒரே அளவில், நெருக்கமாக இருக்கும். நகத்தை விளிம்போடு ஓட்டினால் உரசல் கையில் தெரியும். இவை இரண்டும் சேர்ந்து வருவதுதான் முக்கியம்.

ஒவ்வோர் இறகும் மொத்தத்தில் முக்கோண வடிவம், சுமார் 15 முதல் 25 சென்டிமீட்டர் நீளம். அதில் இருபுறமும் சில சிற்றிலைகளும் நுனியில் ஒன்றும் இருக்கும். நுனிச் சிற்றிலைதான் மற்றவற்றைவிட நீளமானது. அடியிலுள்ள சிற்றிலைகள் மூன்றாகவோ அதற்கு மேலாகவோ மடல் பிரிந்திருக்கும், சில செடிகளில் முழுதாகப் பிரிந்து தனிச் சிற்றிலைகளாகவும் ஆகிவிடும். மேலே போகப்போக மடல் இல்லாத எளிய ஈட்டி வடிவமாக மாறும். இலை மெல்லியது, தோல்போல் தடிப்பாக இராது. அடிப்புறத்தில் நரம்புகளின்மேல் ஆங்காங்கே சிறுமயிர் இருக்கும். நடுக்காம்பின் மேற்புறத்தில் இரண்டு மெல்லிய விளிம்புகளும் அவற்றுக்கிடையே குறுமயிரும் காணப்படும்.

ஸ்போர் தாங்கும் சிற்றிலைகள் தோற்றத்தில் பெரிதாக மாறுவதில்லை, கொஞ்சம் ஒடுங்கும், அவ்வளவுதான். விளிம்பில் 3 முதல் 10 மில்லிமீட்டர் நீளமான சிறு விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

இடம்: காட்டோரம், மூங்கில் புதர், தேக்குக் காடு, தோட்ட வேலி, விட்டுப்போன தௌங்யா நிலம் (காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்ட இடம்). ஓரளவு வறட்சியைத் தாங்கும். நீர் நிற்கும் சதுப்பில் இது நிற்பது குறைவு, அங்கே பார்த்தால் அடுத்த கேள்வியில் வரும் மைக்ரோஃபில்லமா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

அதோடு குழம்பக்கூடிய மற்றக் கொடிப்பெரணிகள் எவை?

லைகோடியம் மைக்ரோஃபில்லம் பிரிக்க எளிதானது. சிற்றிலைகள் சிறியவை, பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்குள். முட்டை வடிவம் அல்லது சற்றே முக்கோணம், அடி நேராகவோ லேசாகக் குழிந்தோ இருக்கும். மயிர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மூட்டு தெளிவாக உண்டு. ஓர் இறகில் சிற்றிலைகள் இருபுறமும் மாறிமாறி இருக்கும், மடல் பிரியாது. வயலோர வாய்க்கால், சதுப்பு, ஈரமான தாழ்நிலம் இதன் இடம்.

லைகோடியம் சர்சினாட்டம் அடர்நிழல் உள்ள பசுமைமாறாக் காடுகளில் வரும். ஒவ்வோர் இறகும் கையை விரித்ததுபோல் சில நீண்ட மடல்களாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு மடலும் 20 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடும். இலை தடிப்பானது. விளிம்பில் பல் இல்லை, கெட்டியான ஒரு மெல்லிய கரை மட்டும் ஓடும். மூட்டு இல்லை. இதில் ஸ்போர் தாங்கும் பகுதிகள் தழைப்பகுதியைவிட வெகுவாக ஒடுங்கிவிடும்.

லைகோடியம் சாலிசிஃபோலியம்தான் உண்மையிலேயே சிக்கல் தருவது. நீண்ட ஈட்டி வடிவச் சிற்றிலைகளால் தூரத்திலிருந்து ஃப்ளெக்சுவோசம் போலவே இருக்கும். இதில் சிற்றிலைகள் மடல் பிரியாமல் எளிமையாக இருக்கும், காம்பின் நுனி பருத்து மூட்டோடு முடியும். இழுத்துப் பார்க்கும் சோதனை இல்லாமல் இந்த இரண்டையும் படத்தில் பிரிக்க முயலாதீர்கள்.

லைகோடியம் ஜப்பானிக்கம் இறகுகளை இரண்டு மூன்று முறை நுணுக்கமாகப் பிரித்துக்கொள்ளும். முழு இலையும் பூவேலை செய்ததுபோல் மென்மையாகத் தெரியும். மூட்டு இல்லை. ஸ்போர் தாங்கும் சிற்றிலைகள் தழைச் சிற்றிலைகளைவிடத் தெளிவாகச் சுருங்கி இருப்பதால் ஒரே கொடியில் இரண்டு செடிகள் இருப்பதுபோலத் தோன்றும். வடக்கே மலைப்பகுதிகளில் தேடவேண்டியது.

லைகோடியம் பாலிஸ்டாக்கியத்தில் சிற்றிலைகள் எண்ணிக்கையில் அதிகம், ஒவ்வொன்றும் இருபக்கமும் மடல்மடலாக வெட்டுப்பட்டிருக்கும். 1826–27இல் பர்மாவில் செடி சேகரித்த டென்மார்க்கு நாட்டுத் தாவரவியலாளர் வாலிக் வைத்த பெயர் இது. அவருடைய காய்ந்த மாதிரிகள் இன்றும் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன.

ஒரே மூங்கிலில் இரண்டு விதமான இலை இருக்கிறது. ஒரே செடியா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கம்பியைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஓர் இலையின் கீழ்ப்பகுதியில் தழை இறகுகளும் மேற்பகுதியில் வெளிச்சம் படும் இடத்தில் ஸ்போர் இறகுகளும் இருப்பது இயல்பு. அதேபோல் ஃப்ளெக்சுவோசமும் மைக்ரோஃபில்லமும் ஒரே குச்சியில் பின்னிக்கொள்வதும் உண்டு. படம் எடுக்கும்போது இரண்டு செடிகளின் பாகங்களைக் கலந்து எடுத்துவிட்டால் யாராலும் பெயர் சொல்ல முடியாது. ஒரு நடுக்காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மட்டும் எல்லாவற்றையும் எடுங்கள்.

விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு விரல்கள் புழு முட்டையா, நோயா?

இரண்டும் இல்லை. பெரும்பாலான பெரணிகளில் ஸ்போரகங்கள் (ஸ்போர் உண்டாகும் சிறுபைகள்) இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ கொத்தாக இருக்கும். லைகோடியத்தில் அவை விளிம்பிலிருந்து நீளும் இந்த விரல்களில் இருக்கின்றன. ஒரு விரலைத் திருப்பி லென்ஸில் பார்த்தால் செதில்போன்ற மூடிகள் இரண்டு வரிசையாக, சடைப்பின்னல்போல் ஒன்றையொன்று ஒட்டி அடுக்கியிருக்கும். ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஒரே ஒரு ஸ்போரகம்தான். வெடிப்பதற்கு உதவும் தடித்த செல்களின் வளையம் அதன் நுனியில் தொப்பியாக அமைந்திருக்கும். சாதாரணப் பெரணிகளில் இந்த வளையம் ஸ்போரகத்தின் முதுகோடு ஓடும்.

விரல் பச்சையாக இருந்தால் இன்னும் முதிரவில்லை. பழுப்பாகி மூடிகள் விரிந்திருந்தால் ஸ்போர் கொட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு சிற்றிலையை வெள்ளைத்தாளின்மேல் ஓரிரவு காற்றில்லாத இடத்தில் வைத்தால் காலையில் மெல்லிய தூள் படிந்திருக்கும். தூள் எதுவும் இல்லாமல் விரலில் வெறும் ஓட்டைகள் மட்டும் தெரிந்தால் எல்லாம் ஏற்கெனவே கொட்டிவிட்டது.

விரல்கள் உள்ள இலையே கிடைக்கவில்லை. பெயர் சொல்ல முடியாதா?

முடியும், ஓர் எல்லை வரை. மூட்டு, விளிம்புப் பல், மொட்டு மூன்றும் தழை இலையிலேயே இருக்கின்றன. வளர்ந்த ஃப்ளெக்சுவோசத்தை இவற்றைக் கொண்டே சொல்லலாம். நிழல் அதிகமான இடத்தில் கொடி ஆண்டுக்கணக்கில் ஸ்போர் இல்லாமலே இருக்கும், மேலே வெளிச்சம் தொடும் பகுதியைக் கழியால் வளைத்துப் பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

தரையில் ஏறாமல் நிற்கும் சிறு செடியும் கொடிப்பெரணிதானா?

பெரும்பாலும் ஆம், இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. ஸ்போரிலிருந்து வளரும் இளஞ்செடியின் முதல் இலைகள் குட்டையானவை, சுற்றாது. இலையும் கவைத்தோ கைவிரல்போல் சில மடல்களாகவோ பிரிந்திருக்கும். சோடி இறகும் இல்லை, உறங்கும் மொட்டும் இல்லை. ஃப்ளெக்சுவோசத்தின் இளஞ்செடியை சர்சினாட்டம் என்று எழுதிவிடுவது இதனால்தான். விளிம்பைப் பாருங்கள்: பல் இருந்தால் ஃப்ளெக்சுவோசம், வழவழப்பான கெட்டிக்கரை இருந்தால் சர்சினாட்டம். அருகில் வளர்ந்த கொடி எது இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ‘லைகோடியம், இளஞ்செடி’ என்று மட்டும் எழுதுவதே நேர்மையான பதிவு.

ஸ்டெனோக்லீனாவை எப்படித் தள்ளிவைப்பது?

தென்பர்மாவின் கடலோரத் தாழ்நிலங்களில் ஸ்டெனோக்லீனா பலஸ்ட்ரிஸ் உண்டு. இதில் ஏறுவது மட்டத்தண்டு, இலை இல்லை. பென்சில் பருமனுக்கும் மேல், பச்சையாக, மரத்தோடு வேர்பிடித்து ஏறும். இலைகள் தனித்தனியாக, ஒரு நடுக்காம்பின் இருபுறமும் நீண்ட சிற்றிலைகளோடு, அளவாக முடிந்துவிடும். தளிர் செம்பழுப்பாக மின்னும். ஸ்போர் இலை முற்றிலும் வேறு: சிற்றிலைகள் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒடுங்கி, அடிப்புறம் முழுவதும் பழுப்பாகப் பூசியதுபோல் இருக்கும். ஒரு எச்சரிக்கை: இதன் பக்கச் சிற்றிலைகளும் மூட்டில் கழலும். மூட்டை மட்டும் பார்த்து மைக்ரோஃபில்லம் என்று முடிவுகட்டக் கூடாது.

எந்த அடையாளங்களை நம்பக் கூடாது?

கொடியின் நீளம், இலையின் பச்சை நிறம், சுற்றும் திசை, ஓர் இறகிலுள்ள சிற்றிலைகளின் எண்ணிக்கை. நான்கும் இடத்துக்கும் வயதுக்கும் தக்கபடி மாறும், அல்லது இனங்களுக்குப் பொதுவானவை. மயிரும் தனியாக நம்பத்தக்கதில்லை, முதிர்ந்த இலையில் உதிர்ந்துவிடும், அதனால் இளம் இலையிலும் பார்க்க வேண்டும்.

பெயர் கேட்டு யாருக்காவது அனுப்ப எந்தெந்தப் படங்கள் வேண்டும்?

தூரத்திலிருந்து முழுக்கொடியும் அது நிற்கும் இடமும். நடுக்காம்பிலிருந்து இறகுச் சோடி கிளம்பும் இடம், மொட்டு தெரியும்படி. ஒரு முழு இறகின் மேற்புறமும் அடிப்புறமும், பக்கத்தில் அளவுகோலோடு. சிற்றிலை காம்போடு சேரும் இடம். விளிம்பு விரல்கள், மிக அருகில். முடிந்தால் மட்டத்தண்டு. கைபேசியில் லென்ஸை ஒட்டிப் பிடித்தால் நெருக்கப் படங்கள் நன்றாகவே வரும். மழை நனைத்த இலை பளபளத்து நரம்பை மறைக்கும், துணியால் ஒற்றியபின் எடுங்கள். அழகான ஒரே ஓர் இலைப் படத்தை வைத்து யாரும் இனம் சொல்ல மாட்டார்கள், சொன்னால் நம்பாதீர்கள்.

காய்ந்த மாதிரி செய்து வைப்பது எப்படி?

பல மீட்டர் நீளமான இலையை முழுதாக அழுத்த முடியாது, அதற்குத் தேவையும் இல்லை. சுமார் 20 சென்டிமீட்டர் நடுக்காம்பும் அதில் ஒன்றிரண்டு இறகுச் சோடிகளும் போதும். தழைப் பகுதியிலிருந்து ஒன்று, ஸ்போர் பகுதியிலிருந்து ஒன்று, மயிரோடு மட்டத்தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்று. பாதுகாக்கப்பட்ட காடாக இருந்தால் அனுமதி வாங்கிய பிறகே வெட்டுங்கள்.

வெட்டிய அன்றே செய்தித்தாளுக்குள் விரித்து, சில இறகுகளை அடிப்புறம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். திருப்ப மறந்தால் ஒட்டியபின் அடிப்புறத்தைப் பார்க்கவே முடியாது. இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும், அடைமழைக் காலத்தில் காலையும் மாலையும். இதில் சோம்பினால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடித்து இலை கறுத்துவிடும். வெயிலில் நேரடியாகப் போட்டால் இலை சுருண்டு நொறுங்கும். அடுப்பங்கரைப் பரண் நல்ல இடம்.

மூட்டுள்ள இனங்களில் காயும்போதே சிற்றிலைகள் உதிரத் தொடங்கும். அவற்றை வீசிவிடாமல் ஒரு சிறு காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். உதிர்ந்ததே ஓர் அடையாளம்தான், அதையும் குறிப்பில் எழுதுங்கள். தேதி, ஊர், அருகிலுள்ள ஆறு அல்லது மலை, நிழலா வெயிலா, எதன்மேல் ஏறியிருந்தது, சிற்றிலை கழன்றதா கிழிந்ததா என்பவை காய்ந்த இலையிலிருந்து பிறகு தெரிய வராதவை.

தோட்டத்தில் இது களையா? அறுத்தால் ஏன் மறுபடி வருகிறது?

நம் மண்ணின் செடிதான், காட்டுக்குள் அதைத் தொட வேண்டியதில்லை. ரப்பர் நாற்றங்காலிலும் இளம் கன்றுகளின்மேலும் ஏறினால் கன்றின் வெளிச்சத்தை மறைக்கும், அங்கே மட்டும் அகற்றலாம். கத்தியால் அறுத்தால் போவது இலை மட்டும். மட்டத்தண்டு புதிய இலையை விடும், அறுத்த இடத்துக்குக் கீழே மிஞ்சிய நடுக்காம்பில் உறங்கும் மொட்டும் விழிக்கும். முதல் மழைக்குப் பின் மண் இளகியதும் மட்டத்தண்டோடு தோண்டி எடுப்பதுதான் பலன் தரும். பழுப்பு விரல்கள் உள்ள கொடியைத் தோட்டம் முழுக்க இழுத்துப் போகாதீர்கள், ஸ்போர் வழியெல்லாம் கொட்டும். மைக்ரோஃபில்லத்தில் ஒற்றை ஸ்போரே தன்னந்தனியாக ஒரு புதுச்செடியை உண்டாக்கப் போதும். ஃபுளோரிடாவில் அது வெளிநாட்டுச் செடியாகப் போய்ச் சேர்ந்து பெருந்தொல்லையானதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோடையில் காய்ந்து தொங்கும் கொடிகளைக் கவனியுங்கள். தௌங்யாவுக்குத் தீ வைக்கும் பங்குனி, சித்திரையில் தரைத்தீ இந்தக் காய்ந்த கம்பிகளைப் பிடித்து மரத்தின் தலைக்கு ஏறும். தோட்ட எல்லையில் உள்ளவற்றை மாசிக்குள் இறக்கிவிடுவது நல்லது.

கூடை முடைய எந்த இனம்? மருந்துக்கு ஆகுமா?

நடுக்காம்பின் நார் வலுவும் வளைவும் உள்ளது. தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட்டிலும் இந்தோனேசியாவின் லம்போக்கிலும் லைகோடியம் கம்பிகளால் நேர்த்தியான கூடைகளும் கைப்பைகளும் முடைகிறார்கள். சர்சினாட்டம் அதற்குப் பெயர்போனது. வேண்டுமானால் முதிர்ந்த, பழுப்பேறிய கம்பிகளை மட்டும் எடுங்கள், பச்சைக் கம்பி காய்ந்ததும் சுருங்கிப் பின்னல் தளரும். ஒரு செடியின் எல்லா இலைகளையும் ஒரே நேரத்தில் அறுக்க வேண்டாம்.

ஃப்ளெக்சுவோசத்தை நாட்டு மருத்துவத்தில் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள், ஜப்பானிக்கத்தின் ஸ்போர்த்தூள் சீன மருந்துக்கடைகளில் விற்கப்படுகிறது. இந்தப் பக்கத்திலுள்ள அடையாளங்கள் செடியின் பெயரைச் சொல்லத்தான் உதவும். அளவும் பக்குவமும் தெரிந்த வைத்தியர் இல்லாமல் எதையும் காய்ச்சிக் குடிக்காதீர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள்.